கணக்குக் காட்டாத பேய்

பேய்ப்படம் எடுக்கிறவனுக்குக் கையில் காசில்லாமல் இருப்பது பெரிய தகுதி. காசிருந்தால் மனுஷன் சும்மா இருப்பானா? பேய்க்குப் பல் வைப்பான், வெள்ளைக் கண் வைப்பான், பேய் உயிரோடு இருந்தபோது ஊட்டியில் ஆடிய டூயட்டையும் வைப்பான். காசில்லாதவன் விளக்கை அணைத்துவிடுவான். தீர்ந்தது செலவு.

2012 அக்டோபரில் வந்த ‘பீட்சா’ அப்படி விளக்கை அணைத்த படம். கார்த்திக் சுப்பராஜ் முதலில் எடுக்க நினைத்தது ‘ஜிகர்தண்டா’வைத்தான். அதற்குப் பெரிய முதல் வேண்டும், புதுப் பையனை நம்பி யார் கொட்டுவார்கள்? சின்ன பட்ஜெட்டுக்குத் தோதாக இந்தக் கதையை எழுதினார். அதே வருஷம் ‘அட்டகத்தி’யைக் கொண்டுவந்த சி.வி.குமார் தயாரித்தார். ஒன்றரைக் கோடியில் முடித்துவிட்டார்கள் என்று அப்போது பேச்சு.

பீட்சா கொண்டுபோகும் பையன் ஒரு பங்களாவுக்குள் நுழைகிறான். வாங்கின அம்மாள் சில்லறை எடுக்க மாடிக்குப் போகிறாள். கரண்ட் போகிறது. கதவு பூட்டிக்கொள்கிறது. அப்புறம் நெடுநேரம் திரையில் இருப்பது விஜய் சேதுபதியின் வியர்த்த முகமும் ஒரு டார்ச் லைட்டும்தான். டார்ச் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் நம் கண்ணும் போக முடியும். மீதித் திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில் இருப்பதையெல்லாம் நாமே சொந்தச் செலவில் கற்பனை செய்துகொள்கிறோம். தயாரிப்பாளருக்கு இதைவிட லாபம் வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் ஓரன் பெலி தன் வீட்டுப் படுக்கையறையிலேயே கேமராவை நிறுத்தி, 15,000 டாலர் அளவில் ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ எடுத்ததும் இதே சூத்திரம்தான். அங்கே கதவு தானாக ஆடியதற்கே உலகம் நடுங்கியது.

உத்திரமேரூர் பக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்த்த எங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். அந்த வருஷத்து மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம். கிராமங்களில் பாதி நாள் இருட்டு. காற்றாலைக் காலம் ஓய்ந்து அக்டோபர் வந்தபோது, போன கரண்ட் வந்தால்தான் திடுக்கிடுவோம். இருட்டு வீட்டில் ஒருத்தன் டார்ச்சோடு தடவித் தடவி நடப்பதைப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று எங்கள் பெரியம்மா அங்கேயே கேட்டாள்.

“இதுல இன்னாடா பயம்? நம்ம வீட்ல தெனம் இப்படித்தான கீது.”

அவளை உறுத்தியது வேறு. “சில்லறை எடுத்தாரேன்னு உள்ள போனவ எவடா சீக்கிரம் திரும்பி வந்திருக்கா? இவன் காசு வாங்கிக்கினு அப்புறம் பொட்டிய குடுத்திருக்கணும்.”

இனி கதையை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. படம் வந்து வருஷக்கணக்காகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பங்களாவில் நடந்ததாக அந்தப் பீட்சாப் பையன் சொல்லும் பேய்க்கதை முழுக்கப் புளுகு. முதலாளியின் வைரத்தை அமுக்கப் போட்ட திட்டம். பட்டணத்து ரசிகர்கள் நாற்காலி நுனிக்கு வந்த இந்தத் திருப்பத்தைப் பெரியம்மா இடைவேளையிலேயே முறுக்கு கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: “பையன் எதையோ மறைக்கிறான்டா.”

அதற்குத் தனி ஞானம் தேவையில்லை, எங்கள் பக்கம் பிறந்தால் போதும். ஏரிக்கரையில் மோகினி இருக்கிறாள் என்று சொன்னவர் ராத்திரியில் மீனுக்கு வலை கட்டியவர். மாந்தோப்பில் முனி உலாத்துகிறது என்றவர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். ஒருவரும் தானே பார்த்ததாகச் சொல்ல மாட்டார். “எங்க மாமா பாத்தாரு, மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தாரு” என்பார். அந்த மாமா எப்போதும் வேறு ஊரில் இருப்பார். செட்டு இல்லை, மேக்கப் இல்லை, வெறும் வாயால் எடுத்த பேய்ப்படங்கள் அவை. ‘பீட்சா’வின் பேயும் அந்த ஜாதிதான்: ஒருத்தன் சொல்ல இன்னொருத்தன் நம்பியதால் பிறந்தது. சின்ன பட்ஜெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேய் கிடைக்காது.

படத்தின் பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்கிறது அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இந்தக் கண்டிப்பை யாரோ சினிமாக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் ‘பீட்சா’ உட்கார்ந்து கணக்குக் காட்டுகிறது. வைரம் எப்படிக் கைக்கு வந்தது, யார் யாருக்குத் தெரியும், முதலாளி ஏன் நம்பினார், காதலி எங்கே போனாள் என்று ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு. தணிக்கையாளர் பாராட்டுவார். ஆனால் சற்றுமுன் முதுகில் ஊர்ந்த பயம், ரசீது பார்த்ததும் எழுந்து போய்விட்டது. அதற்கு முன் பொறுமையாகக் கட்டிய அரை மணி நேரக் காதல் குடித்தனமும் கொஞ்சம் இழுவைதான். காசில்லாத படத்துக்கு நேரத்தில் மட்டும் என்ன தாராளம்?

இயக்குநருக்கே இது தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு அவனை நிஜமாகவே இன்னொரு வீட்டுக்குள் அனுப்பி, விளக்கை அணைத்து, ஒரு விளக்கமும் சொல்லாமல் படத்தை முடித்திருக்க மாட்டார். பேய் இல்லை என்று நம்பியவருக்கும் இருக்கிறது என்று நம்பியவருக்கும் ஒரே டிக்கெட்டில் திருப்தி. சாமர்த்தியம்தான், கொஞ்சம் சந்தர்ப்பவாதமும்கூட. நான் அதற்குத்தான் பயந்தேன்.

இந்தியிலும் கன்னடத்திலும் வங்காளத்திலும் இதை எடுத்துப் பார்த்தார்கள். இந்தியில் 3டி வேறு. இருட்டுக்கு எதற்கு மூன்றாவது பரிமாணம்? காசு வந்துவிட்டது, வேறென்ன.

மறு வருஷம் தமிழிலேயே ‘பீட்சா 2: வில்லா’ வந்தது. இயக்குநர் வேறு, ஆட்கள் வேறு. புதுச்சேரியில் ஒரு பங்களா, அதற்கு வாரிசாக ஒரு எழுத்தாளன், முந்தின கதைக்கும் இதற்கும் ஒட்டில்லை, உறவில்லை. போகலாமா என்று கேட்டபோது பெரியம்மா, “அதுல பீட்சா வருதா?” என்றாள். வராது என்றேன்.

“அப்போ நீ போய்ட்டு வா. வரும்போது கடத்தெருவுல டார்ச்சுக்கு ரெண்டு கட்டை வாங்கிக்கினு வா.”