மூட்டை மீமாம்சை

பைக்கில் நான்கு நாள் வெளியூர் போகிறவன் சாமானை எதில் வைத்துக் கட்டுவது என்பது பற்றிய வாதங்கள் எல்லாம் இதுவரை லிட்டர் கணக்கிலேயே நடந்திருக்கின்றன. 40 லிட்டர் பை போதுமா, 60 வேண்டுமா என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் எப்போதும் 60 என்றே விடை சொல்கிறார். வினாவே பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: பை வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, வண்டி பையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

இந்தச் சிக்கலை வைணவப் பெரியோர் முன்பே அலசித் தீர்த்துவிட்டார்கள். அவர்களிடம் பைக் இல்லை என்பது மட்டுமே குறை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. அதுபோல ஜீவனும் தன் பங்குக்கு முயல வேண்டும் என்றார்கள் வடகலையார். இது மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிறது, குட்டி சும்மா தொங்கினால் போதும் என்றார்கள் தென்கலையார். இது மார்ஜார நியாயம். மோட்சத்துக்கு எது வழி என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிக்கும்போது மூட்டை பின்னால் இருக்குமா என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

மர்க்கட பட்சத்தாரின் மூலக் கருவி இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. மலிவு, எந்த வண்டிக்கும் பொருந்தும். ஆனால் அது வெயிலில் கிடந்து தளர்வது வெளியே தெரியாது. நூலுறை புதிதாகவே இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும் என்பதால் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மாட்டுவோரும் உளர். அவர்களைக் கோழைகள் என்பது பொருந்தாது. இதைவிட மேலானது பஞ்சர் கடையில் பழைய ட்யூபை நீளமாகக் கீறிக் கொடுக்கும் ரப்பர் பட்டை. கொக்கி இல்லை, முடிச்சுத்தான். ரப்பரோடு ரப்பர் உரசி முடிச்சு இறுகிக்கொள்ளும். பால்காரர், கீரைக்காரர், கோழிக் கூண்டு கட்டுபவர் எல்லோரும் இதையே பயன்படுத்துகிறார்கள். நாள் தவறாமல் மூட்டை கட்டுகிறவர்கள் ஒருமித்துத் தேர்ந்த பொருளை, வருடத்தில் ஒருமுறை கட்டுகிறவர்கள் ஏளனமாகப் பார்ப்பதற்குக் காரணம் அழகியல் ஒன்றே.

மார்ஜார பட்சத்தார் இரும்புச் சட்டம் அடித்து, அதில் அலுமினியப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ பூட்டுகிறார்கள். சாவி உண்டு. மழை புகாது. லாட்ஜ் வாசலில் ஒரு திருகில் கழன்று கையோடு வரும். இத்தனை நலமும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் சட்டமும் காலிப் பெட்டிகளும் சேர்ந்து, ஒரு சட்டைகூட உள்ளே போவதற்கு முன்பே, கிலோக்கணக்கில் ஏறிவிடுகின்றன. சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும் ஒற்றைப் பெட்டியை நான் அறவே ஏற்பதில்லை. பின்னச்சைத் தாண்டி ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. நாற்கரச் சாலையில் வேகம் கூடும்போது ஹேண்டில்பார் லேசாகத் தலையாட்டத் தொடங்கினால், பெட்டி தன் கருத்தைச் சொல்கிறது என்று அறிக. பக்கப் பெட்டிகளுக்கு வேறொரு கெட்ட குணம் உண்டு. மணலிலோ சேற்றிலோ தடுமாறிக் காலை ஊன்றினால், பின்னாலிருந்து கெண்டைக்காலில் வந்து இடிக்கும். வண்டி சாய்ந்தால் துணிப் பை நசுங்கி வழிவிடும். பெட்டி வழிவிடாது.

இரு பட்சத்துக்கும் நடுவராக நிற்கத் தகுந்தவை மலைப்பாதையின் நாட்டுக்குரங்குகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளில் எங்காவது நிறுத்தி மலையைப் பார்த்து நின்றால் ஆய்வு தானாகவே தொடங்கும். ஜிப் எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போகும். ஆக, மர்க்கட நியாயத்தை மர்க்கடமே ஆதரிக்கவில்லை. இது மார்ஜார பட்சத்தாருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி. அவர்களே இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனிச் சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்தாங்கி, உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. மூன்றாவதைத்தான் சேலை கார்டு என்கிறோம். வீரம் மிக்க இளைஞர் வண்டி வாங்கிய அன்றே கழற்றி எறிவது இதைத்தான். பிறகு பக்கவாட்டுப் பை சக்கரத்தில் உரசாமலிருக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து அதே இடத்தில் வேறொரு கம்பியை மாட்டுகிறார். சேலை கார்டு இடப்பக்கத்தை மட்டுமே காக்கும். வலப்பக்கத்தில் சைலன்சர் இருக்கிறது. அங்கே தொங்கும் துணிப் பையின் அடி உருகி, உள்ளிருக்கும் பனியனில் வட்டமாக முத்திரை விழும். 2020இல் இதே விதியில் செய்த திருத்தம் பெட்டிக்கும் அளவு சொல்கிறது: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500. பின்னிருக்கை இடத்தில் பெட்டியைப் பொருத்தினால் ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியம் எத்தனை குடும்பங்களில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதைத் திருத்தம் எழுதியவர்கள் சிந்தித்தார்களா என்பது தெளிவாகவில்லை.

பாரம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இயற்பியல் சொல்லும் விடை சுருக்கமானது: தாழ்வாக, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே. இந்த விடையை அப்படியே உலோகத்தில் வார்த்த வண்டி ஒன்று உண்டு. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இன் வழியில் பிறந்த எக்ஸ்எல். ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே அரிசி மூட்டை படுத்திருக்கும். கொக்கி இல்லை, பூட்டு இல்லை, முழங்கால் இரண்டுமே காவல். நெடும்பயணத்துக்கென்று லட்சங்களைக் கொட்டி வாங்கும் வண்டியில் அதே இடத்தை எஞ்சினும் டேங்கும் அடைத்துக்கொள்கின்றன. அந்த இழப்புக்கு ஆறுதலாக டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டும் சிறு பை ஒன்றை விற்கிறார்கள். டேங்க் இரும்பாக இருந்தால் ஒட்டும். இடையே மண் புகுந்தால் பெயின்ட்டைத் தேய்க்கும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் எனக்கு அக்கறை குறைவு. ஆனால் இரண்டைச் சொல்லாமல் விடமுடியாது. மழைக்கோட்டை முதலில் மடித்து வைப்பதால் அது அடியில் போய்விடுகிறது. மழை வரும்போது நடுரோட்டில் ஜட்டி உட்பட அனைத்தையும் வெளியே எடுத்தால்தான் அது அகப்படும். இன்னொன்று, திரும்புகால் கொள்ளளவு. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வந்து பால்கோவா வாங்காமல், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல், பழனியில் பஞ்சாமிர்தம் வாங்காமல் வீடு திரும்புகிறவனை ஆய்வுலகம் இன்னும் கண்டதில்லை. கிளம்பும்போதே பையில் நான்கில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இதை வீட்டில் விளக்கிப் பயனில்லை. காலியிடத்தைக் கண்டதும் அம்மா, “வழியில பசிச்சா என்னடா பண்ணுவ?” என்று புளியோதரையை அங்கே இறக்கிவிடுவார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நான் கொள்ளும் முடிபு சமரசமானது: இருபுறமும் தாழத் தொங்கும் துணிப் பைகள், சீட்டின் குறுக்கே ரப்பர் பட்டையால் கட்டிய ஒரு சுருட்டுப் பை, உள்ளே துணிமணிக்கு ஜவுளிக்கடைப் பாலித்தீன் உறைகள். 2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்துவிட்டதால், அதற்கு முந்தைய உறைகளைப் பரம்பரைச் சொத்தாகக் காக்க வேண்டும். நீலகிரிச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் அந்தச் சொத்தும் போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னிருக்கையில் மனைவி வருவதாக இருந்தால் மேற்கண்ட முடிபு எதுவும் செல்லாது. அப்போது இருப்பது 123ஆவது விதியும், அவர் கொண்டுவரும் கைப்பையும்தான். அதை மடியில் வைப்பதா, தோளில் மாட்டுவதா, ஓட்டுபவரின் கழுத்தில் மாட்டுவதா என்பதை அவர் சொல்வார்.