பால் கறக்காத சங்கம்

ஆல்பர்ட்டா, கனடா
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேத்தி எழுதுவது. இங்கே நான், அவர், குழந்தை மூவரும் சௌக்கியம். அமுச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மாமாவைக் கேட்டால் "அது இருக்குது" என்கிறார். இருப்பது எனக்கும் தெரியும்.

போன வாரம் போனில் மாமா சொன்னார்: "அப்புச்சி கேக்கச் சொன்னாரு கண்ணு. நீ எருமைச் சங்கத்துக்கு செக்ரட்டரியாமா. தெனம் எத்தனை லிட்டர் ஊத்துறாங்க?" நான் சிரித்ததில் மாமாவுக்குக் கோபம் வந்து வைத்துவிட்டார். போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை, அப்புச்சி. இங்கே வளர்ப்பது பைசன் என்கிற காட்டு ஜாதி. முன்னங்காலுக்கு மேலே பெரிய திமில், கீழே தாடி, தலை முழுக்க மயிர். காளை 900 கிலோ வரை போகும். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும். மடிக்குக் கீழே சொம்பை வைக்கிறவர் இரண்டாவது சொட்டைப் பார்க்கமாட்டார்.

சங்கத்தின் இன்னொரு பாதி எல்க். அது மான்தான்; ஆனால் வண்டலூரில் பொரி கேட்டு வந்ததே, அந்த மான் இல்லை. ஆண் எல்க் முந்நூறு கிலோவுக்கு மேல். அதையும் யாரும் கறப்பதில்லை. பைசன் கறிக்கு, எல்க் கறிக்கும் கொம்புக்கும். (கறி என்ற இடத்தை அமுச்சிக்கு வாசிக்க வேண்டாம். கொம்பு வரைக்கும் சொல்லுங்கள், போதும்.)

எல்க்கின் கொம்பு வருஷா வருஷம் விழுந்து மறுபடி முளைக்கும். முளைக்கிறபோது ரத்தம் ஓடுகிற பிஞ்சு, மேலே மெல்லிய மயிர். நாளைக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட வளரும். ஜூன் வாக்கில், முற்றுவதற்கு முன்னால், மரத்துப்போக ஊசி போட்டு அறுத்து, உறையவைத்து, மருந்துக்கு விற்பார்கள். 1990களில் கொரியாவுக்குப் போன இந்தக் கொம்பை நம்பி ஊரே எல்க் வாங்கியதாம். அப்புறம் வந்தது ஒரு நோய். மூளை கெட்டு, மெலிந்து, எச்சில் ஒழுகிச் சாகும், மருந்து கிடையாது. 1996இல் பக்கத்து சஸ்காட்செவன் மாகாணப் பண்ணையில் தெரிந்தது, 2002இல் ஆல்பர்ட்டாவிலும். நடுவிலேயே கொரியாக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். போட்டி போட்டு வாங்கிய பெட்டைகளை விலை கேட்கவும் ஆள் வரவில்லை. பைசன்காரர்களுக்கு அடி விழுந்தது 2003இல். ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் என்று தெரிந்ததும், அசைபோடுகிற எதுவும் உயிரோடு எல்லை தாண்டக்கூடாது என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. பசு செய்ததற்குப் பைசன் பழி சுமந்தது.

இரண்டு பக்கமும் ஆள் குறைந்து, தனித்தனியாக வாடகை கட்ட முடியாமல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். உறுப்பினர் முப்பது சொச்சம். சம்பளக்காரி நான் ஒருத்தி. பாதி நேர வேலை என்று பேர். பாதி என்பது சம்பளத்துக்கு மட்டும்.

என்னை எப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். நேர்முகத்தில் ஐந்து பேர், ஐந்து பேரும் தொப்பியோடு. எம்.காம். மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. "மாட்டோடு பழக்கம் உண்டா?" என்றார் தலைவர். போனிலிருந்த படத்தைக் காட்டினேன்: கண்ணபுரம் சந்தையில் மயிலைக் காளையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்களே, அது. ஐந்து தொப்பியும் குனிந்தன. கொம்பைக் கேட்டார்கள், திமிலைக் கேட்டார்கள், என்ன தீவனம் என்று கேட்டார்கள். எனக்கு டேலியில் கணக்கு எழுதத் தெரியும் என்று சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது உங்கள் காளைக்கு. அது வர முடியாததால் நான் பார்க்கிறேன்.

முக்கால்வாசி வேலை போனில். எட்மன்டனிலிருந்து ஒருத்தர், வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு எல்க் வளர்க்கலாமா என்பார். உயரமான வேலி வேண்டும், உரிமம் வேண்டும், காது வில்லை வேண்டும், இடம் மாற்ற அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொல்லி முடித்தால், "குட்டியாக இருக்கும்போதுமா?" என்பார். செத்த பிறகும் சட்டம் விடாது. ஒரு வயதைத் தாண்டிய பண்ணை எல்க் எப்படிச் செத்தாலும் அந்த நோய்க்குச் சோதிக்க வேண்டும். அதற்கு மூளைத் தண்டும் கழுத்துச் சுரப்பியும் வேண்டும், அதாவது தலை வேண்டும். சோதனைக்கூடமோ தூரத்தில். "நாளைக்கு நீ அந்தப் பக்கம் போகிறாயாமே" என்று என் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போவார்கள். அத்தை முதல்தடவை வந்தபோது, விமான நிலையத்தில் பெட்டியை வைக்க என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தார். கறுப்புப் பையின் வாயிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அத்தை வீடு வரும்வரை பேசவில்லை. அதற்கப்புறம் சமையலைப் பற்றி என்னிடம் குறை எதுவும் சொன்னதில்லை.

ஆனால் இதெல்லாம் வேலையே இல்லை. கூட்டம்தான் வேலை.

உங்கள் பால் சங்கத்து மகாசபை எனக்குத் தெரியும். போண்டா வரும்வரை சண்டை, வந்ததும் ஏகமனதாக நிறைவேறியது. இங்கே அப்படி நடக்காது. ஹென்றி ராபர்ட் என்று ஓர் அமெரிக்கப் படைப் பொறியாளர் இருந்தார். ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய் அது கலாட்டாவாக முடிந்த ரோசத்தில், கூட்டம் நடத்தும் விதிகளையெல்லாம் திரட்டி 1876இல் புத்தகமாகப் போட்டார். மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு பருத்துக்கொண்டு வருகிறது. எங்கள் சங்கத்தின் சொந்த விதிகள் ஒன்றரைப் பக்கம். அதன் கடைசி வரி: இதில் சொல்லாததெல்லாம் ராபர்ட் சொன்னபடி. உலகத்தில் மிச்சமிருக்கிற அத்தனைக்கும் ராபர்ட்தான் எங்களுக்கு.

போன கூட்டத்தில் பதாகை விஷயம் வந்தது. கோடைக் கண்காட்சிக்கு ஒரு துணிப் பதாகை. அதில் எல்க் தலை ஒன்று, பைசன் தலை ஒன்று. எது இடப்பக்கம்? பைசன் என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். பைசனை எடுத்துவிட்டு எல்க் போடுக என்று ஓர் எல்க்காரர் திருத்தம் கொண்டுவந்தார். இது திருத்தமா, கவிழ்ப்பா என்று தலைவருக்குச் சந்தேகம். புத்தகம் புரட்டப்பட்டது. செல்லும். உடனே திருத்தத்துக்கு ஒரு திருத்தம்: இரண்டு தலையும் நடுவில், ஒன்றையொன்று பார்த்தபடி. முட்டிக்கொள்வதுபோல இருக்குமே என்றார் ஒருவர். சரி, முதுகைக் காட்டியபடி. கல்யாண மண்டபத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் செயலாளருக்கு வாக்குமில்லை, வாயுமில்லை. பேசியதை எழுதலாம், நினைத்ததை எழுதக்கூடாது.

மூன்றாவது ஒருவர் திருத்தத்தின் திருத்தத்துக்கு ஒரு திருத்தத்தோடு எழுந்தார். அத்தனை ஆழத்துக்கு ராபர்ட் விடமாட்டார். செல்லாது என்றார் தலைவர். தலைவரின் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய விதி உண்டு, செய்தார். முறையீட்டுக்கும் வழிமொழிய ஆள் வேண்டும், கிடைத்தார். கிடைத்தவர், தாம் எதை வழிமொழிந்தோம் என்று கேட்டார். அப்படிக் கேட்பதற்கும் புத்தகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, அப்புச்சி.

இதில் உச்சம், யாரும் யாரோடும் நேரே பேசக்கூடாது என்பது. தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அண்ணன் தம்பி இருவர், ஒரே பண்ணை, ஒரே பிக்கப்பில் வந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அண்ணன் எழுந்தார். "தலைவர் அவர்களே, வடக்குக் கேட்டைச் சாத்தியது யார் என்று எனக்கு வலப்பக்கம் இருக்கும் உறுப்பினரைக் கேட்கலாமா?"

"அது பதாகையைப் பற்றியதல்ல. ஒழுங்குக்குப் புறம்பு. உட்காருங்கள்."

பதில் சொல்லத் தம்பி எழுந்தார். தலைவர் அவரையும் உட்கார வைத்தார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தார்கள். சற்று நேரத்தில் அண்ணன் வீட்டிலிருந்து போன்: பதினோரு பைசன் நெடுஞ்சாலையில் நிற்கிறது.

எல்லோரும் எழுந்தார்கள். கூட்டத்தை முடிக்காமல் எழக்கூடாதாம். முடிக்க ஒரு தீர்மானம், அதற்கு வழிமொழிய ஓர் ஆள். முன்மொழிந்தவர் அண்ணன், சொன்ன கையோடு வண்டிக்கு ஓடிவிட்டார். வழிமொழிய வாயெடுத்த தம்பியும் அதே வண்டிதான். தலையை எண்ணினால் கோரம் இல்லை. கோரம் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்று ராபர்ட் விட்டுவைத்திருக்கிற சில காரியங்களில் கலைவதும் ஒன்று என்று தலைவர் தேடி வாசித்து முடித்தபோது, அறையில் அவரும் நானும் காபிப் பாத்திரமும்தான். அவர் முன்மொழிந்தால் நான் வழிமொழிய முடியாது. நான் உறுப்பினர் இல்லை. அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை, அப்புச்சி. சட்டப்படி பார்த்தால் இந்தக் கடிதத்தையே கூட்டத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைக்கு நானும் போனேன். போலீஸ்காரர் விளக்கைச் சுழலவிட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார். பைசனை ஓட்ட முடியாது. அது போக நினைக்கிற பக்கம் வேண்டுமானால் ஓட்டலாம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்றைச் சொல்லி அண்ணன்காரர் எங்களைத் தேற்றினார். கோடிக்கணக்கில் திரிந்த பைசனைச் சுட்டுச் சுட்டு ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். அப்போது மொன்டானாவில் மிஷெல் பாப்லோ என்பவரிடம் பெரிய மந்தை ஒன்று மிஞ்சியிருந்தது. அதைக் கனடா அரசாங்கம் விலைக்கு வாங்கியது. பிடித்து ரயிலேற்ற ஆரம்பித்தது 1907இல், முடிந்தபோது 1912. முதலில் வந்தவை இறங்கியது, எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எல்க் ஐலண்ட் பூங்காவில். "அவர்களுக்கு ஐந்து வருஷம். நமக்கு ஒரு ராத்திரி" என்றார்.

ஓட்ஸ் வாளியை என் கையில் கொடுத்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. பைசன்கள் காற்றுக்கு முகம் கொடுத்து அசையாமல் நின்றன. வாளியை ஆட்டிக்கொண்டு, சாயங்காலம் நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். கிழட்டுப் பெட்டை ஒன்று திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது. மீதிப் பத்தும் அதன் பின்னால். ஓட்ஸ் வாசனைக்கு வந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். மினிட்ஸ் எழுதுகிறவள் நான். அதில் வேறு மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் கால்கரியில். கேட்டைச் சாத்தியது யார் என்று இவர்களுக்கே மறந்துபோகிறது, இன்னும் எத்தனை நாள் என்று தம்பியின் மனைவி வண்டியில் என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்ல? வருஷக் கடைசியில் உறுப்பினர் பட்டியலில் கோடு போடுகிறவளும் நான்தான். மந்தையை விற்பார்கள், வேலியை உருவுவார்கள், அடுத்த கோடையில் அந்த இடம் முழுக்கக் கனோலா மஞ்சளாகப் பூத்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், எரிச்சலாக வரும். போகிறவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் வாழ்த்து அட்டை அனுப்புவதற்குக்கூட ஒரு தீர்மானம் உண்டு. அட்டையில் நானே கையெழுத்துப் போட்டு, பிள்ளைகள் மேல் கோபப்பட்டுக்கொண்டே தபால்தலை ஒட்டுவேன். நான் யாருடைய பிள்ளை, எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

மாமா போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். மேக்காட்டு மேய்ச்சல் கொரங்காட்டுக்கு விலை கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு சைட் போடப் போகிறார்களாம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். ஆகவே முறைப்படி முன்மொழிகிறேன்: மேக்காடு விற்பனை ஒத்திவைக்கப்படுகிறது. அமுச்சி வழிமொழியட்டும். மாமா திருத்தம் கொண்டுவந்தால் ஒன்றுக்குச் சம்மதியுங்கள். திருத்தத்துக்குத் திருத்தம் என்று ஆரம்பித்தால் ஒழுங்குக்குப் புறம்பு என்று உட்கார வையுங்கள். தையில் டிக்கெட் போட்டிருக்கிறோம். நான் வருகிறவரை கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி