பனிக்காலம் கழித்தலும் கழித்தல் நிமித்தமும்: ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பன்னோக்கு ஆய்வு

முன்னுரை

மனிதன் தோன்றிய காலந்தொட்டே ஞாயிற்றுக்கிழமை இருந்துவருகிறது. இப்படித் தொடங்காத கட்டுரையை நம் நாட்டில் எந்தக் கருத்தரங்கும் வாங்கிக்கொள்வதில்லை என்பதால் இதுவும் இப்படியே தொடங்குகிறது. கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் பனிக்குப் பயந்து மெக்சிகோவில் ஏதாவது ஒரு சிற்றூரில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். சந்தைக்குப் போனது, கடற்கரையில் நடந்தது, மீன் வறுவல் தின்றது எல்லாவற்றையும் நாள் தவறாமல் எழுதியும் வைக்கிறார்கள். நம் சிப்காட் வட்டாரத்தில் பனிக்காலம் கழிக்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அவர்களுடைய ஊர்சுற்றலைப் பற்றி ஓர் ஆய்வேடு உண்டா? அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பாதி போக்கினால் போதும். மீதியை ‘மேலாய்வுக்குரிய களங்கள்’ என்று கடைசிப் பக்கத்தில் போட்டுவிடலாம்.

ஆய்வு எல்லை

வடக்கே இருங்காட்டுக்கோட்டை, மேற்கே சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம். கிழக்கு எல்லை, ஷேர் ஆட்டோ எதுவரை போகுமோ அதுவரை. கால எல்லை முன்பனி, அதாவது மார்கழியும் தையும். தொல்காப்பியர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாக வகுத்தார். சிப்காட் அதை ஏ, பி, சி என மூன்று ஷிப்டாக வகுத்தது. நடுவில் தொலைந்த மூன்று பொழுதும் ஓ.டி.யில் கரைந்தன என்பது ஒருசாரார் கருத்து (டீக்கடை பெஞ்ச், இடது ஓரம்).

இந்நிலத்துக்குத் திணைப் பெயர் சூட்டுவது கடமை. ஆறாம் திணைக்குப் புலம்பெயர்ந்தோர் ஏற்கெனவே பட்டா வாங்கிவிட்டதால் இதை ஏழாம் திணை என்க. தெய்வம் வல்லக்கோட்டை முருகன். உணவு பரோட்டா. பறை, பின்னால் வரும் டிரெய்லரின் ரிவர்ஸ் சத்தம். உரிப்பொருள் தலைப்பிலேயே இருக்கிறது.

பனி உண்டா, இல்லையா?

ஆய்வின் அடித்தளமே ஆட்டம் காணும் இடம் இது. ஜனவரியில் இங்கே விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சியோலில் அதே மாதம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆக, குளிர் என்பது இங்கே இருக்கும் பொருளா, வருகிறவர் மனத்தில் இருக்கும் பொருளா?

இருக்கும் பொருள்தான் என்பதற்கு அசைக்க முடியாத சான்று ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலிலேயே உள்ளது. 1017இல் இவ்வூரில் பிறந்த இராமானுசரின் ‘தானுகந்த திருமேனி’க்கு மார்கழி பிறந்ததும் வெந்நீரில் திருமஞ்சனம், மேலே கம்பளி. சொந்த ஊர்க்காரருக்கே கம்பளி தேவைப்படும்போது வேறு என்ன சான்று வேண்டும்?

எதிர்ச்சான்றும் உண்டு. தை மாதம் காலை ஆறு மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி செக்யூரிட்டி ஒருவர் மங்கி குல்லா, அதன்மேல் மப்ளர், அதன்மேல் தொப்பி என்று மூன்று அடுக்கில் நிற்பார். அவர் முன்னாலேயே அரை டவுசரும் கையில்லாத பனியனுமாக ஒரு கொரிய இன்ஜினியர் வேர்க்க வேர்க்க ஓடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அது வணக்கமா, பரிதாபமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். வணக்கம் என்பார் டீ மாஸ்டர். இரண்டும் என்பார் வடை போடுபவர். (இதற்கு ‘இல்லை, வயிற்று வலி’ என்றொரு பாடபேதம் உண்டு, இடைச்செருகல் என்று தள்ளுக.)

வகைப்பாடு

இங்கே பனிக்காலம் கழிப்போர் நால்வகையர். இங்கேயே பிறந்தோர்: இவர்கள் ரூம் வாடகைக்கு விடுவர். ரயிலில் வந்தோர்: ஒடிசா, பீகார், ஜார்கண்ட், சத் பூஜைக்கு லீவு கேட்டுப் பாதிப்பேர் வாங்குவர். பஸ்ஸில் வந்தோர்: தென்மாவட்ட, வடமாவட்டப் பெண்கள் இதில் அடங்குவர். வல்லம் வடகாலில் இவர்களுக்கென்று 706.50 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சியே படுத்துத் தூங்குகிற இந்த இடத்தைப் பற்றி ‘மகளிர் விடுதியும் மணிமேகலையும்: ஓர் ஒப்பீடு’ என்று இன்னும் யாரும் எழுதவில்லை என்பது வியப்பு. அடுத்த கருத்தரங்கில் வந்துவிடும்.

நான்காம் வகையினர் விமானத்தில் வந்தோர், அதாவது கொரியர். இவர்களுக்குத் தனி இயல் வேண்டும்.

மறுவீட்டுக் கோட்பாடு

கொரியாவின் ‘சம்குக் யூசா’ என்னும் 13ஆம் நூற்றாண்டு நூல், கி.பி. 48இல் ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கடல் தாண்டி வந்து கயா நாட்டு மன்னன் சூரோவை மணந்ததாகக் கதை சொல்கிறது. அவள் புறப்பட்ட அயுத்தா என்ற நாடு அயோத்திதான் என்பவர்கள் உண்டு. இல்லை, அது நம் கன்னியாகுமரிப் பக்கம் என்பவர்களும் உண்டு. முதலில் ‘தமிழ்’ என்று முடிவெடுத்துவிட்டுச் சான்றைப் பின்னால் சாவகாசமாகத் தேடுவது நம் ஆய்வுலகில் வழக்கொழியாத நெறி. ஆய்வாளரும் அந்நெறியையே பின்பற்றி இளவரசியைத் தமிழச்சி என்று கொண்டார்.

பெண் போனாள். மறுவீடு எப்போது? இக்கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரான சான்ட்ரோவை வெளியே விட்டது 1998இல். 1998இலிருந்து 48ஐக் கழித்தால் 1950. கூட்டவோ குறைக்கவோ வேண்டாத முழு எண். தற்செயலா இது? தற்செயல் என்பவர் ஆய்வு செய்யத் தகுதியற்றவர். 1,950 ஆண்டு கழித்து மாப்பிள்ளை வீட்டார் மறுவீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வராமல் சீரோடு வந்திருக்கிறார்கள். அந்தக் கார் மற்றச் சின்னக் கார்களைவிட உயரமாக இருந்ததைக் கண்டு அன்று பலர் சிரித்தார்கள். மணப்பெண்ணின் தலைப்பூ கூரையில் இடிக்கக் கூடாதென்ற அக்கறை அவர்களுக்கு விளங்கவில்லை.

‘சீர் என்றால் சும்மா கொடுக்க வேண்டும், இவர்கள் ஷோரூமில் காசு வாங்கினார்களே?’ என்று கேட்பாரும் உளர் (ஷேர் ஆட்டோ முன்சீட், டிரைவருக்கு இடப்புறம் பாதி தொங்கியபடி கூறியது). தாய்மாமன் சீரையும் மொய் நோட்டில் எழுதித்தானே வைக்கிறோம் என்பது விடை. மேலும் 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனி நூல் எழுதியிருக்கிறார். மொழியியலாளர்கள் பின்னால் அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஏற்காதவர்களை மேற்கோள் காட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இம்மறுவீட்டார் ஞாயிறன்று என்ன செய்கின்றனர்? இன்னோவாவில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுகின்றனர். இயல் முற்றிற்று.

எங்கே போகலாம் படலம்

ஞாயிறு காலை. நான்கு பேர் இருக்கும் ரூம். யூனிஃபார்ம் சட்டைகள் மொட்டைமாடிக் கொடியில் ஒரே நிறத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. எது யாருடையது என்று காலர் அழுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். தண்ணீர் தீர்ந்துவிட்டது. அப்போது ஒருவர் கேட்கிறார்: “எங்கடா போலாம்?” இக்கேள்விக்கும் சாயங்காலத்துக்கும் இடைப்பட்ட காலமே ஏழாம் திணையின் இலக்கியம்.

முதலில் எழுவது வல்லக்கோட்டைக் கட்சி. பக்கம், சுமார் ஏழடி உயர முருகன், போக்குவரத்துச் செலவு குறைவு. இதை மறுப்பவர் கூற்று: “போன வாரந்தானே போனோம், அவருக்கே நம்ம மூஞ்சி சலிச்சிருக்கும்” (பாத்ரூம் கதவுக்கு உள்ளிருந்து வந்த குரல், சோப்பு நுரையால் சில எழுத்துகள் சிதைந்துள்ளன).

அடுத்தது காஞ்சிபுரக் கட்சி. இவர்கள் அம்மாவுக்குப் பட்டுப்புடவை பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பி இட்லி தின்றுவிட்டு வருவர்.

மணிமங்கலக் கட்சியில் ஆய்வாளர் ஒருவரே உறுப்பினர். ஏழாம் நூற்றாண்டில் வாதாபியிலிருந்து படையோடு வந்த இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் வென்ற களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் அவதிப்பட்டவர்களில் பெயர் தெரிந்த மூத்தவர் அவர்தான் என்று ஆய்வாளர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரூமில் மூன்று பேர் போனை எடுத்துவிட்டனர்.

வேடந்தாங்கல் கட்சி கொஞ்சம் மதிப்புக்குரியது. கட்டுரைப் பொருளுக்கு அதுவே நெருக்கம். பனிக்காலம் கழிக்க வருவதையே தொழிலாகக் கொண்டவை அங்கே உள்ள பறவைகள். கார்த்திகையில் வந்து பங்குனியில் போகும். ஊர்க்காரர்கள் கேட்டதற்கிணங்க 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவற்றைச் சுடக் கூடாதென்று பாதுகாப்புக் கொடுத்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதால் ஊராரும் பறவைகளைத் துரத்தியதில்லை. “அதுங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கல பாரு” என்ற ஒரு வரி உரை, இந்த ஆய்வு நெடுகிலும் கிடைத்த உரைகளில் சிறந்தது. (ஒரகடம் மேம்பாலத் தூண் அருகே பதிவு செய்யப்பட்டது. அத்தூணில் மேலடுக்கில் ‘ஆட்கள் தேவை, ஐடிஐ, டிப்ளமோ, தங்குமிடம் இலவசம்’ நோட்டீஸ். அதன் அடியில் கண்ணீர் அஞ்சலி. அதற்கும் அடியில் மஞ்சள் நீராட்டு விழா. எல்லாவற்றுக்கும் அடியில், நகத்தால் சுரண்டினால், மீண்டும் ‘ஆட்கள் தேவை’. கீழடுக்கின் காலத்தைக் கணிக்கும் பணியைத் தொல்லியல் அறிஞர்கள் விரைந்து மேற்கொள்க. உத்திரமேரூர்க் கல்வெட்டாவது ஓடாது. இதன்மேல் நாளைக்கே வேறு பசை தடவிவிடுவார்கள்.)

கடைசியாக வண்டலூர்க் கட்சி. வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் ஒரகடத்திலிருந்து நேர் ரோடு. 1855இல் சென்னையில் தொடங்கி 1985இல் இங்கே குடிவந்த பூங்கா அது, ஆகவே அதுவும் நம் வகைப்பாட்டில் சேரும். புலி உண்டு, யானை உண்டு, சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் குரங்கு உண்டு. எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே இடம். ஆனால் ஞாயிறன்று பேச்சு மட்டுமே. ஷிப்ட் முறையில் பலருக்கு வார ஆஃப் ஞாயிறன்று விழாது, சுற்றிச் சுற்றி வரும். நால்வருக்கும் ஒரே நாளில் ஆஃப் கிடைப்பது கிரகணம்போல் அரிது. அப்படி அரிதாகக் கிடைத்த நாள் செவ்வாய். கம்பெனி பஸ் கிடையாது, இரண்டு பஸ் மாறி, மத்தியானச் சோற்றை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். செவ்வாயன்று பூங்காவுக்கு விடுமுறை. புலிக்கும் வீக் ஆஃப்.

இந்நிகழ்வைக் காப்பியமாகப் பாடலாமா, புலம்பலாகப் பாடலாமா என்று ஆய்வாளர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் மதில் நிழலில் உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

கள ஆய்வு

முறையான வினாநிரல் ஒன்று தயாரிக்கப்பட்டது. அதில் ‘தாங்கள் ஓய்வு நாளில் மேற்கொள்ளும் பண்பாட்டுச் செயற்பாடுகள் யாவை?’ என்பது முதல் கேள்வி. நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணிடம் அது நீட்டப்பட்டது. கழுத்தில் டேக் அப்படியே கிடந்தது. படித்துப் பார்த்துவிட்டு, “தூங்குவோம் சார்” என்றார். வேறு ஏதாவது என்றதற்கு, “எழுந்தா மறுபடியும் தூங்குவோம்” என்றார்.

இவ்விடை முன்வைத்த கோட்பாடுகளோடு ஒத்துப்போகாததாலும், மாதிரியின் அளவு போதாமையாலும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

ஆய்வு முடிவுகள்

ஒன்று, ஏழாம் திணை உண்டு. இரண்டு, மறுவீடு நடந்தது. மூன்று, செவ்வாயன்று வண்டலூர் போக வேண்டாம். இம்மூன்றில் பயன்படக் கூடியது மூன்றாவது மட்டுமே. ஆனால் அதற்கு முனைவர் பட்டம் தர மாட்டார்கள்.

இக்கட்டுரையைப் பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க விரும்பும் அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவரை ஜூமில் பிடித்து அதைப் பன்னாடு ஆக்குவது உங்கள் பாடு. பதிவுக் கட்டணம், மலர்க் கட்டணம், மதிய உணவுக் கட்டணம் எதுவும் கேட்காதீர்கள். சான்றிதழை மட்டும் அனுப்பிவையுங்கள். வழக்கம்போல் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கட்டும், நான் நிரப்பிக்கொள்கிறேன்.