மகன் முதலாளி ஆகிறானாம்!

கேள்வி: இன்ஜினீயரிங் முடித்த மகன், வேலைக்குப் போகாமல் 'ஸ்டார்ட்-அப்' தொடங்கப் போகிறானாம். கண்டிப்பதா, காசு கொடுப்பதா? (ஒரு தகப்பன், கடலூர்)

பதில்: கடலூரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! உங்கள் ஊர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் வெறும் 15,000 ரூபாயில் ஷாம்பு தொழிலில் இறங்கியவர். கிராமத்தில் ஒரு பையனை உட்காரவைத்து, ஊர் பார்க்க அவருடைய 'சிக்' ஷாம்பு போட்டுத் தலை அலசிக் காட்டினார்கள். எந்த பிராண்டானாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்களுக்குப் பழகியதும், 'இனி காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான்' என்று மாற்றினார்களே, அங்கேதான் இருக்கிறது வியாபாரம்!

இன்றைய பிள்ளைகளுக்குத் துணிச்சலில் குறைவில்லை. ஆனால் பலரிடம் பொருளுக்கு முன்பே லோகோ தயாராகிவிடுகிறது. விசிட்டிங் கார்டில் 'சி.இ.ஓ.', ஊழியர் எண்ணிக்கையும் அதே ஒருவர்தான். பெண் வீட்டாரோ 'சொந்தத் தொழில்' என்று கேட்டதுமே காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

வேலைக்குப் போனால் கனவு கருகிவிடும் என்பதும் வீண் பயம். கிரிஷ் மாத்ருபூதம் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் பல வருடம் சம்பளம் வாங்கிய பிறகுதான் 2010-ல் சொந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார்.

மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முதலில் உனக்குக் காசு கொடுக்கப்போவது யார்?" வாடிக்கையாளர் பெயரைச் சொன்னால் கொடுங்கள். 'இன்வெஸ்டர்' என்றால், அவன் உங்களைத்தான் சொல்கிறான். பி.எஃப். பாஸ்புக்கை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்!