துவக்கு விண்ணர்

நல்லூரில் கொடியேறினால் உரும்பிராயில் பூட்டிக் கிடந்த வீடுகளில் பாதி திறக்கும். பதினொரு மாதம் பல்லிகள் மட்டும் குடியிருந்த மாடி வீடுகளில் திடீரென்று மோட்டர் ஓடும், தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும், வாசலில் வாடகை வான் நிற்கும். அந்த வானிலிருந்து அரைக் காற்சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாக இறங்குபவர்களில் பல வகை. கனடாக்காரர் வெயிலைப் பற்றிப் பேசுவார். லண்டன்காரர் காணி விலை கேட்பார். நான் சொல்ல வந்தது சுவிசிலிருந்து மட்டும் வருகிற அரிய வகையைப் பற்றி. துவக்கு விண்ணர்.

விண்ணன் என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், அந்தச் சொல்லில் பாதி மெச்சல், பாதி நக்கல். எந்தப் பாதி முந்தி நிற்கிறது என்பதைச் சொல்கிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விண்ணர் 1980களின் கடைசியில் துவக்குச் சத்தம் தாங்காமல் ஊரை விட்டு ஓடியவர். ஓடிப்போன இடத்தில் விதி அவரோடு கொஞ்சம் விளையாடியது. சுவிசில் வீட்டுக்கு வீடு படைத் துவக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்தாக்கு முழுக்கச் சூட்டுச் சத்தம் எதிரொலிக்கும், ஒருவரும் பதுங்குகுழி தேட மாட்டார்கள், அது விளையாட்டு. ஆனால் அந்நாட்டு ஆயுத விதி சில நாட்டுக் குடிமக்களைப் பெயர் சொல்லி மறிக்கிறது: துவக்கு வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. துருக்கி, செர்பியா, அல்ஜீரியா என்று போகும் அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. ஊரில் துவக்கைக் கண்டு ஓடிய மனிதருக்கு, துவக்கைத் தொடாதே என்று ஒரு நாடு சட்டம் போட்டு வைத்திருந்ததில் எவ்வளவு மனவருத்தம் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும்.

பிறகு பிரசாவுரிமை கிடைத்தது, சிவப்புப் பாஸ்போட் வந்தது. அந்த வருடமே ஃபெல்ட்ஷீசனுக்குப் போய்விட்டார். அது சுவிஸ்காரரின் சூட்டுத் திருவிழா. கோடை தொடங்குகிற நேரம் நாடு முழுக்க நடக்கும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சுடுவார்கள். றைபிள் என்றால் 300 மீற்றர், பிஸ்டல் என்றால் கிட்ட. ஆளுக்குப் பதினெட்டு வெடி. நன்றாகச் சுட்டவருக்குச் சட்டையில் குத்த ஒரு சின்னமும், சுடாதவருக்கும் சுட்டவருக்கும் பொதுவாகச் சொசேச்சும் பியரும். நமது தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் மாதிரி அங்கே பியர்ப்பந்தல்.

அந்தச் சின்னம் விண்ணரிடம் இருக்கிறதா என்று நான் ஒருமுறை கேட்டேன். முதல் வருடம் துவக்கில் பிழையாம். இரண்டாம் வருடம் காற்று. மூன்றாம் வருடம் பக்கத்தில் நின்று சுட்ட ஆள் இருமினவராம். நாலாம் வருடத்தைக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

போன ஓகஸ்டில் இவர் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம், அக்காவின் மகன் கிணற்றடியில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். நல்லூர் வீதிக் கடையில் அடம்பிடித்து வாங்கிய பிளாஸ்டிக் பிஸ்டல், மஞ்சள் நிறத்தில் உளுந்தளவு குண்டுகள். கிணற்றுக் கட்டில் ஒரு வெற்று நெஸ்டமோல்ட் ரின். பத்துக்கு மூன்று பட்டது. பதினொரு வயதுப் பெடியனுக்கு அது போதும், அவன் சந்தோசமாக இருந்தான். விண்ணருக்கு அந்தச் சந்தோசம் பொறுக்கவில்லை.

"தம்பி, நீ சுடுறது பிழையில்லை. ஆனா ஏன் பிழைக்குது எண்டு தெரியாமல் சுடுறாய். அதுதான் பிழை."

உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதெல்லாம் சரி. இந்த வகை மனிதரிடம் எனக்கிருக்கிற முறைப்பாடே அதுதான். பிழையாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ரின்னை எடுத்துவிட்டுக் கொப்பித் தாளைக் கட்டினார். "பட்டுதோ படேல்லையோ எண்டு பாக்காத. எங்க பட்டது எண்டு பார்." அஞ்சு குண்டும் ஓரிடத்தில் கூடி, ஆனால் குறிக்கு விலகி விழுந்தால் அது ஒரே ஒரு பிழை, பெரும்பாலும் துவக்கின் பார்வையில். அதைத் திருகித் திருத்தலாம். அஞ்சும் அஞ்சு திக்கில் போனால் அது கையின் பிழை, அதற்குத் திருகாணி கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பரியாரியார் நாடி பிடிக்கிற பாவம்.

அடுத்தது கண். பிஸ்டலின் பின்னால் ஒரு வெட்டு, நுனியில் ஒரு சின்னக் குற்றி, தூரத்தில் குறி. மூன்றையும் ஒரேயடியாகத் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஏலாது. புதிசாகச் சுடுகிறவன் குறியைப் பார்ப்பான், தெரிந்தவன் குற்றியைப் பார்ப்பான், குறி மங்கலாகத் தெரிந்தால் போதும். ஏனென்றால் பிஸ்டல் கட்டை. வெட்டுக்கும் குற்றிக்கும் இடையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரந்தான். அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பத்து மீற்றரில் மூன்று, நாலு சென்ரிமீற்றர் பிசகும். ஒலிம்பிக் காற்றுப் பிஸ்டல் போட்டியில் அந்தப் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு அகலமே 11.5 மில்லிமீற்றர், எங்கள் பழைய ஒரு சதக் குற்றியை விடச் சிறிது. பெடியன் வாயைப் பிளந்தான். நானும்தான்.

பிறகு நிற்கிற விதம். பாரிஸ் 2024இல் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, கடைக்குப் பாண் வாங்க வந்தவர் மாதிரி நின்று சுட்டு, கலப்பு அணியில் வெள்ளிப் பதக்கம் எடுத்தாரே துருக்கியின் யூசுப் டிகெச், அந்த 51 வயதுக்காரரைப் போல நின்று காட்டுகிறேன் என்றார். கையைப் பையில் விடுவது ஸ்ரைலுக்கு இல்லையாம், சும்மா தொங்குகிற கை உடம்பை ஆட்டாமலிருக்கவாம். அதுவும் சரிதான். ஆனால் விண்ணர் அப்போது கட்டியிருந்தது சாரம். சாரத்தில் பை இல்லை. இடக்கையைச் சாரக்கட்டுக்குள் செருகினார். கை அசையவில்லை, சாரம் அசைந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனா.

இவ்வளவும் முன்னுரை. அவருடைய உயிர் இருந்த இடம் 'கீழ் இடது'.

வலக்கையால் சுடுகிறவனின் குண்டு திரும்பத் திரும்பக் குறிக்குக் கீழே, இடப்பக்கமாக விழுந்தால் அதற்குக் காரணம் காற்றுமில்லை, துவக்குமில்லை. வெடிக்கப் போகுது என்று கைக்கு முதலே தெரிந்துவிடுகிறது. வெடிக்கிறதுக்குக் கண்ணிமைப்பு முந்தியே கை அந்த உதைக்கு எதிராகக் கீழே அமத்துகிறது, விரல் விசையைப் படக்கென்று பறிக்கிறது. பயத்தின் முகவரி கீழ் இடது. மருந்து என்னவென்றால் விசையை மெல்ல மெல்ல, பசு மாட்டில் பால் கறக்கிற பதத்தில் அமத்த வேண்டும். எந்த இடத்தில் வெடிக்கும் என்று உனக்கே தெரியக்கூடாது. உனக்குத் தெரியாவிட்டால் கைக்கும் தெரியாது, கைக்குத் தெரியாவிட்டால் பயப்பட அதற்கு நேரமில்லை.

இன்னொரு வைத்தியமும் உண்டு. சுடுகிறவனுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெறுந்தோட்டாவை வைத்துக் கொடுப்பார்கள். அவன் அமத்துவான், வெடிக்காது, ஆனால் பிஸ்டலின் மூக்கு மட்டும் கும்பிடு போட்ட மாதிரிக் கீழே குனியும். அப்போது அகப்படுவான். அதுவரை 'துவக்கு சரியில்லை' என்று சொன்னவனெல்லாம் அந்த இடத்தில் வாயை மூடுவானாம்.

எனக்கு ஒரு சந்தேகம். "அண்ணை, இந்தப் பிளாஸ்டிக் சாமான் வெடிக்கவுமில்லை, உதைக்கவுமில்லை. இவன் 2014இல் பிறந்தவன். இவனுக்கு என்னத்துக்குப் பயம்?"

"அது ரத்தத்தில வரும்" என்றார்.

சொல்லிவிட்டுத் தானே பத்துக் குண்டு சுட்டுக் காட்டினார். பத்தில் எட்டு, தாளுக்குக் கீழ் இடப்பக்கமாகப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தன. டொப், டொப் என்று எண்ணக்கூடியதாக இருந்தது. "ஆரடா கிணத்துக்க பிளாஸ்டிக்கைக் கொட்டுறது? குடிக்கிற தண்ணியல்லோ!" என்று உள்ளேயிருந்து அம்மா. விண்ணர் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் பார்வை சரியில்லை என்றார். ரோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருக்கே போட்டி நடுவில் பிஸ்டல் பழுதானதே, பாரிசில் அதே பிள்ளை இரண்டு வெண்கலம் எடுக்கவில்லையா என்றார். பெடியன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அம்மம்மாவின் தலையணையைக் கொண்டுவந்து, அதன்மேல் பிஸ்டலைச் சாத்தி, மாமா சொல்லித்தந்தபடியே பால் கறந்து, அஞ்சு குண்டு சுட்டான். அஞ்சும் தாளின் நடுவில் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின.

"தலையணை நல்ல தலையணை" என்றார் விண்ணர்.

இந்த மனிதருக்குக் கீழ் இடது ஒரு கொப்பித் தாளோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுப் பெட்டைக்குப் பேசிய சம்பந்தம் குழம்பியதை அவர் கேட்டுவிட்டு, "தகப்பன் சீதனக் கதையை அவசரப்பட்டு எடுத்திட்டார், விசையைப் பறிச்சிட்டார்" என்றார். சந்தைக்கு முந்திக் கிழங்கைக் கிண்டி விலை இல்லாமல் விற்ற கமக்காரர் கீழ் இடது. உயர்தரப் பரீட்சையில் மணி அடிக்க முன்னமே தாளைக் கட்டிக் கொடுத்த பெடியனும் கீழ் இடது. உரும்பிராய்ச் செம்மண்ணில் அவர் கணக்குப்படி நேராகச் சுட்டவர் எவருமில்லை.

இந்த ஊருக்குத் துவக்கைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுப்பதில் உள்ள வேடிக்கை அவருக்கு எட்டவேயில்லை. இது ஆயுதப் போராட்டத்தின் தொடக்க காலத்துப் பொன். சிவகுமாரனின் ஊர். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் இந்த வழியாக முன்னேறியதைக் கண்டவர்கள், 1995 ஒக்ரோபர் 30 அன்று மழைக்குள் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். இவர்களில் எவரும் ஒரு நாளும் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் வெடிச் சத்தத்தைக் கேட்டு இது என்ன ஆயுதம், எவ்வளவு தூரம், வருகிறதா போகிறதா என்று மூன்றையும் சொல்வார்கள். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது.

ஒரு நாள் பின்னேரம் கரண்ட் போயிருந்த நேரம் அவர் கரோலி தகாச்சின் கதையைச் சொன்னார். ஹங்கேரியப் படையில் இருந்தவர், பிஸ்டல் வீரர். 1938இல் ஒரு கைக்குண்டு வெடித்து வலக்கை போய்விட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகி, அடுத்த வருடம் தேசியப் போட்டியில் வந்து வென்றார். லண்டன் 1948, ஹெல்சிங்கி 1952, இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். அதைச் சொன்ன விதத்தில் விண்ணத்தனம் கொஞ்சமும் இல்லை, குரலும் இறங்கிவிட்டது. திண்ணையில் எல்லோரும் பேசாமலிருந்தோம். செல்லடியில் ஒரு காலை இழந்த பக்கத்து வீட்டு ஐயா மட்டும், கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்.

"அந்தக் குண்டு ஏன் தம்பி கையிலேயே வெடிச்சது?"

"அது பழுதான குண்டு, ஐயா."

"அப்ப, சாமானிலதான் பிழை எண்டு உண்மையாச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்."

இருட்டில் விண்ணரின் முகம் தெரியவில்லை.

அவர் சுவிசுக்குத் திரும்புவதற்கு முதல் நாள், பெடியன் எங்கேயோ கிண்டித் தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய பெரிய வெடியொன்றைக் கொண்டுவந்தான். மாமாவை வழியனுப்ப அது. மாமரத்தடியில் செம்மண்ணில் குத்தி நிறுத்தித் திரியைக் கொளுத்திவிட்டு, தூர வந்து சாதாரணமாக நின்றான். திரி சீறிக்கொண்டு எரிந்தது, இன்னும் ஒரு விரற்கடை, அரை விரற்கடை.

சத்தம் வரவில்லை. திரி உள்ளே போய் அவிந்துவிட்டது.

பெடியன் திரும்பிப் பார்த்தான். நான் இரண்டு காதையும் பொத்தி, தோளைக் குறுக்கி நின்றேன். ஐயா ஊன்றுகோலை விட்டுவிட்டுத் தூணைக் கட்டிப் பிடித்திருந்தார். அக்கா கதவு நிலைக்குள் ஒடுங்கியிருந்தா. விண்ணர் தொட்டியின் பின்னால், முழங்காலில், தலை கவிழ்ந்து, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

"மாமா" என்றான் பெடியன். "வெறுந்தோட்டா."

விண்ணர் எழும்பி, முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினார். மாமரத்தடிக்குப் போய் வெடியைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"நமத்துப் போச்சு" என்றார். "சுவிசில வெடியள் இப்பிடி நமக்கிறேல்லை."