ஐப்பசி விவசாயிகள்

மதுராந்தகம் பக்கம் ஐம்பது சென்ட் வாங்கி, கம்பிவேலி போட்டு, வாசலில் 'பண்ணை' என்று பலகை மாட்டிய நகரத்து நண்பர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் மண்ணைத் தொட வந்துவிடுகிறார்கள். தொட்ட கையைத் துடைக்க சானிடைசரும் கூடவே வருகிறது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. சரியாக அப்போது சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் தொலைநோக்கு வேறு யாருக்கு வாய்க்கும்? பக்கத்து வயல்காரர் சம்பா நாற்று அழுகிவிடாமல் மடையை வெட்டிவிட்டு ஓடுகிறார், பாவம். ரசனை போதாது. இவர்களோ நனைந்த வெண்டைச் செடியோடு செல்ஃபி எடுக்கிறார்கள்.

மண்புழு உரத்தை ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். மழைக்கு வெளியே வந்த அசல் மண்புழுவைக் கண்டதும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ரசாயனம் துளியும் கிடையாது, விளைச்சலும் அப்படியே.

ஆனாலும் ஞாயிறு மாலை பை நிறையக் கத்தரி, அவரை, முருங்கையோடுதான் ஊர் திரும்புகிறார்கள். "நம்ம தோட்டத்துக் காய்" என்று அடுக்ககம் முழுக்கப் பங்கு போகிறது. காவல்காரர் விடியற்காலையில் சந்தையில் வாங்கி வந்து, செடியடியில் வைத்த காய் அது. நிலத்தை இவர்களுக்கு விற்றவரும் அவரேதான். இப்போது மாதச் சம்பளம், காய்க்குத் தனிக் கமிஷன்.

விவசாயத்தில் லாபமில்லை என்று இனி யாரும் வாய் திறக்க வேண்டாம்.