விழுந்த மொதலாளிக்குப் பெருசு சொல்லும் புத்திமதி

வாங்க மொதலாளி, உக்காருங்க. மொகத்தை எதுக்கு இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? பிரீமியர் லீக்குல இருக்கிற 20 கிளப்புல கடைசி மூணுல வந்து கீழ இறங்கிட்டீங்க, அம்புட்டுத்தானே? வருஷா வருஷம் மூணு பேருக்கு நடக்கிற கிரகம்தான் இது. பேரன் செல்லுல ராத்திரி கண்ணு முழிச்சுப் பாத்துப் பாத்து, இங்கிலாந்துப் பந்தாட்டக் கணக்குல நானும் ஓரளவு தேறிட்டேன். அதனால கொஞ்சம் காது குடுங்க.

மத்த எடத்துல தோத்தவன் துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போகணும். உங்க ஊர்லதான் தோத்தா பணம் குடுத்து அனுப்புறாக. பாராசூட் பணமாம். பிரீமியர் லீக் கிளப்புக சரிசமமாப் பிரிச்சுக்கிற டிவி பணத்துல ஒரு கிளப்புக்கு என்ன வருதோ, அதுல மொத வருஷம் 55 சதவீதம், ரெண்டாம் வருஷம் 45, மூணாம் வருஷம் 20. மேல ஒரே ஒரு சீசன் இருந்துட்டு விழுந்தவுகளுக்கு ரெண்டு வருஷத்தோட சரி. மொத வருஷப் பணமே 4 கோடி பவுண்டைத் தாண்டுது. ரெண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புல உங்க கூட ஆடுற, இந்தப் பணம் வாங்காத கிளப்புக்கு மேல இருந்து வர்றது சுமார் 50 லட்சம் பவுண்டு. கடையை இழுத்து மூடிட்டு வந்த மருமகனுக்கு மூணு வருஷம் மொதல் போட்டுட்டு, ஒழுங்காக் கடை நடத்துற மருமகனுக்குத் தீபாவளி வேட்டியோட கணக்கை முடிக்கிற மாமனார் மாதிரி இருக்கு உங்க லீக்கு.

காரணம் இல்லாமக் குடுக்கலை, அதையும் சொல்லிடணும். மேல கடைசி எடத்துல வந்தாக்கூட லீக்குல இருந்து வருஷத்துக்கு 10 கோடி பவுண்டு வருது. அதை நம்பி ஆட்டக்காரங்களுக்கு நாலு வருஷம், அஞ்சு வருஷம்னு அக்ரிமெண்ட்டு போட்டிருப்பீங்க. இறங்கின அன்னைக்கு அந்த வருமானம் மேலயே நின்னுக்கிரும், சம்பளப் பட்டியல் மட்டும் உங்க பின்னாடியே வரும். இந்தப் பிடிமானம் இல்லேன்னா, மேல ஏறி வர்றவன் எவனும் துணிஞ்சு ஆள் எடுக்க மாட்டான்னு லீக்குக்காரங்க சொல்றாங்க. நியாயந்தான்.

சரி, கேக்க வந்ததைக் கேளுங்க. இந்தக் காசு வேலை செய்யுமா? செய்யும் மொதலாளி, நல்லாவே செய்யும். 2020-ல இருந்து 2025 வரைக்கும் ஆறு சீசன் எடுத்துக்கங்க. 18 கிளப்பு மேல ஏறியிருக்கு. 2020-ல வெஸ்ட் ப்ராமும் ஃபுல்ஹாமும் இந்தப் பணத்தோட ஏறுனாக, லீட்ஸ் பணம் இல்லாம ஏறுச்சு. மறுவருஷம் நாரிச், வாட்ஃபோர்டு பணத்தோட, பிரெண்ட்ஃபோர்டு இல்லாம. 2022-ல ஃபுல்ஹாம், போர்ன்மவுத்து. கூட நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 2023-ல பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட், கூட லூட்டன். 2024-ல லெஸ்டர், சவுத்தாம்ப்டன், கூட இப்ஸ்விச். 2025-ல லீட்ஸ், பர்ன்லி, கூட சண்டர்லேண்டு. யாரோ உக்காந்து எழுதி வச்ச மாதிரி வருஷத்துக்கு ரெண்டு பணக்காரன், ஒரு ஏழை. ஆக 18-ல 12. சாம்பியன்ஷிப்புல இருக்கிறது 24 கிளப்பு. அதுல ஒரு சமயத்துல பாராசூட் பணம் வாங்குறவுக ஒன்பதைத் தாண்ட வழியே இல்லை. அப்படிப் பாத்தா இந்தக் காசு ஆளை நல்லாத்தான் தூக்கி விடுது.

ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த 12-ல எட்டு, விழுந்த மொத வருஷமே ஏறுனது. மிச்ச நாலு ரெண்டாம் வருஷம். மூணாம் வருஷம் ஏறுனது அந்த ஆறு சீசன்ல ஒண்ணுகூட இல்லை. ஆற அமர யோசிப்போம்னு நீங்க மல்லாந்து படுத்தீங்கன்னா, நல்ல ஆட்டக்காரன் எல்லாம் பெட்டியைக் கட்டிருவான், பணமும் கரைஞ்சிரும்.

அதுக்கு முந்தி 2019-ல ஆஸ்டன் வில்லா மூணாம் வருஷம் ஏறுச்சேன்னு கேப்பீங்க. ஏறுச்சு, ஆனா என்ன பாடுபட்டு? 2018-ல மேல ஏறுறதுக்கான பிளே-ஆஃப் ஃபைனல்னு வெம்ப்லி வரைக்கும் போய் ஃபுல்ஹாம்கிட்ட தோத்தாக. பின்னாடியே வரிப்பணம் கட்ட முடியாமத் தவிச்சாக. அந்த அக்டோபர்ல பிரஸ்டன் கூட மேட்சு ஆரம்பிக்கு முன்னாடி, மேனேஜர் ஸ்டீவ் புரூஸ் மேல எவனோ ஒரு முழு முட்டைக்கோஸை விட்டெறிஞ்சான். மேட்சு 3-3. கடைசியில கெடைச்ச பெனால்டியையும் கோட்டை விட்டாக. மறுநாளே புரூஸுக்குச் சீட்டுக் கிழிஞ்சுச்சு. புது மேனேஜர் வந்து, வரிசையா பத்து மேட்சு ஜெயிச்சு, வெம்ப்லியில டெர்பியை 2-1-ன்னு சாய்ச்சுத்தான் கரையேறுனாக. அந்த முட்டைக்கோஸ் உங்க மேல விழ வேண்டாம்னு நெனைச்சா மொத ரெண்டு வருஷத்துலயே ஏறிருங்க.

இல்லை, கெட்டுப் போறதுதான் உத்தேசம்னா அதுக்கும் வழி சொல்றேன். கூலி வேண்டாம்.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் வழி ஒண்ணு. 1995-ல சாம்பியனான கிளப்பு. 2010-ல நம்ம புனேக் கோழிக் கம்பெனி வெங்கிஸ் வாங்குச்சு. 2012-ல தரம் இறங்குனாக. இறங்குன அன்னைக்கு ரசிகன் ஒருத்தன் கிளப்புக் கொடியைப் போத்தி ஒரு உசுருக் கோழியை மைதானத்துல விட்டான். கோழி விக்கிறவுகளுக்குக் கோழியையே காட்டினான் பாருங்க, வெள்ளைக்காரனுக்கும் நையாண்டி வரத்தான் செய்யுது. இறங்குனதுக்கு மறு சீசன்ல மேனேஜரைச் சட்டை மாத்துற வேகத்துல மாத்துனாக. ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பாராசூட் பணமும் தீர்ந்துச்சு, 2017-ல மூணாம் அடுக்கான லீக் ஒன்னுக்கும் போயாச்சு. வில்லா முட்டைக்கோஸையும் பிளாக்பர்ன் கோழியையும் சேத்தா ஒரு வேளைச் சாப்பாடு ஆச்சு. நாலு பாயிண்டு தேறாது.

சண்டர்லேண்டு வழி இன்னும் சுருக்கம். பத்து வருஷம் மேல இருந்துட்டு 2017-ல விழுந்தாக. பாராசூட் பணம் கையில. மறுவருஷம் சாம்பியன்ஷிப்புல 24-க்கு 24-ஆவது எடம், நேரா லீக் ஒன். அங்க நாலு வருஷம் கெடந்தாக. ஜாக் ராட்வெல்னு ஒரு ஆட்டக்காரர், வாரச் சம்பளம் 70,000 பவுண்டுன்னு பேப்பர்காரங்க எழுதுனாங்க. தரம் இறங்குனா சம்பளம் குறையும்கிற ஷரத்து அவர் அக்ரிமெண்ட்டுல இல்லை. அவரை ஏன் வையணும்? எழுதிக் குடுத்த சம்பளத்தை வாங்குனாரு. எழுதிக் குடுத்த கையை இல்ல தேடணும்!

லூட்டன் கதைதான் எனக்குச் சிரிப்பும் வருது, வருத்தமாவும் இருக்கு. அஞ்சாம் அடுக்குல அஞ்சு வருஷம் கெடந்த கிளப்பு. அவுக மைதானத்துல வெளியூர் ரசிகன் உள்ள போகணும்னா வரிசை வீடுகளுக்கு நடுவுல நுழைஞ்சு, ஜனங்க துணி காயப்போடுற கொல்லையைப் பாத்துக்கிட்டே படியேறணும். பாராசூட் பணம் ஒத்தைக் காசு இல்லாம 2023-ல பிரீமியர் லீக்குக்கு ஏறுனாக. 2024-ல இறங்குனாக, அப்பத்தான் கைக்கு அந்தப் பணம் வந்துச்சு. வந்த வருஷமே 2025-ல லீக் ஒன்னுக்கு இறங்கிட்டாக. காசு இல்லாதப்ப ஏறுனாக, காசு வந்ததும் விழுந்தாக.

இவ்வளவும் கேட்டுட்டு, “நான் ஏறிருவேன் பெருசு”ன்னு மீசையை முறுக்குறீங்க. முறுக்குங்க. ஏறுனவுக என்ன ஆனாகன்னும் கேட்டுக்கங்க. 2020-ல இருந்து 2024 வரைக்கும் பாராசூட் பணத்தோட ஏறுனது பத்து தடவை. அதுல எட்டுல மறு சீசனே இறங்கிட்டாக. 2022-ல ஏறுன ஃபுல்ஹாமும் போர்ன்மவுத்தும்தான் தப்பிச்சது. பர்ன்லியைப் பாருங்க: 2023-ல 101 பாயிண்டு எடுத்து ஜாம் ஜாம்னு ஏறுச்சு. மறுவருஷம் மேல போய் 24 பாயிண்டு. திரும்பக் கீழ வந்து 2025-ல 100 பாயிண்டு. கீழ அவுக ராசா, மேல அவுக கூசா.

அதே அஞ்சு வருஷத்துல பணம் இல்லாம ஏறுனது அஞ்சு. அதுல லீட்ஸ், பிரெண்ட்ஃபோர்டு, ஃபாரஸ்ட் மூணும் மொத வருஷம் தாக்குப் பிடிச்சுச்சு. ஏழைன்னா புத்தி தானா வந்துரும்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்காதீங்க. ஃபாரஸ்ட் மேல போனதும் இருபதுக்கு மேல ஆள் வாங்குச்சு, செலவு விதியை மீறினதுக்கு 2024-ல 4 பாயிண்டும் பறிகுடுத்துச்சு. ஆனா பிரெண்ட்ஃபோர்டைப் படிச்சுக்கங்க. 2020-ல பிளே-ஆஃப் ஃபைனல்ல தோத்ததும் ஆட்டக்காரர் வாட்கின்ஸை வில்லாவுக்கு நல்ல வெலைக்கு வித்தாக. அந்த எடத்துக்கு லீக் ஒன்ல இருந்த பீட்டர்பரோவுல போய் ஐவன் டோனியைப் பிடிச்சாக. அந்த ஆளு மறு சீசன்ல 31 கோல் போட்டாரு. காசு வர்றதுக்கு முந்தியே ஆள் பாத்து எடுக்கிற கண்ணு அவுககிட்ட இருந்துச்சு. உங்ககிட்ட காசு மொதல்ல வந்திருச்சு.

இதுல ஊர்ப் பொல்லாப்பு வேற. உங்களைப் பிடிக்கணும்னு மத்த கிளப்புக்காரன் கடன் வாங்கிச் சம்பளம் குடுக்கிறான். சாம்பியன்ஷிப் கிளப்புகளோட மொத்தச் சம்பளம் மொத்த வருமானத்தையே தாண்டின வருஷங்கள் உண்டு. இந்தப் பணம் போட்டியைக் கெடுக்குதுன்னு கீழ்மட்ட லீக்குகளோட தலைவர் ரிக் பாரி வருஷக்கணக்கா மல்லுக்கு நிக்கிறாரு. 2025-ல பந்தாட்டத்துக்குன்னே தனிச்சட்டம் போட்டு ஒரு கண்காணிப்பு அமைப்பும் வச்சாச்சு. பிரீமியர் லீக்கும் கீழ்மட்ட லீக்குகளும் பணப் பங்கீட்டுல ஒத்துப் போகலைன்னா, பாராசூட் பணத்தையும் சேத்து அந்த அமைப்பு பஞ்சாயத்துப் பண்ணலாம். இந்தப் பணம் இதே மாதிரி என்னைக்கும் வரும்னு நெனைச்சு நாளைக்கு வர்றதை இன்னைக்கே செலவு பண்ணிறாதீங்க.

என் தீர்ப்பு இதுதான் மொதலாளி. இந்தக் காசு ஏற வைக்கும், நிக்க வைக்காது. ஊரான் வீட்டு நெய்யேன்னு ஊத்துனா ஏறவும் வைக்காது. 2025 மே மாசம் வெம்ப்லியில, பாராசூட் பணம் எப்பவோ தீர்ந்துபோன சண்டர்லேண்டு, அந்தப் பணம் வாங்கிக்கிட்டிருந்த ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1-ன்னு சாய்ச்சுத் திரும்ப மேல போச்சு. கடைசி நேரத்துல கோல் போட்டது அவுக சொந்த அகாடமியில வளந்த 19 வயசுப் பையன் டாம் வாட்சன். உங்க அகாடமியில அப்படி ஒரு பையன் இருக்கானான்னு போய்ப் பாருங்க. அவன் அக்ரிமெண்ட்டுல கையெழுத்துப் போடுறப்ப, தரம் இறங்குனா சம்பளம் குறையும்கிற வரியை மட்டும் மறந்திராதீங்க.